புத்தக ஓரத்தில் யாருடைய குரல்?

கேள்வி: ரீச்சர், நான் உயர்தரம் கலைப்பிரிவில் படிக்கிறேன். தமிழ் எனக்கு விருப்பமான பாடம். என்னிடம் இருக்கிற புத்தகம் பெரியம்மாவின் மகள் படித்தது. ஓரம் முழுக்க அக்காவின் சிவப்புப் பேனைக் குறிப்பு. அதற்குப் பக்கத்தில் ரியூசன் சேர் சொல்வதைப் பச்சைப் பேனையால் எழுதுகிறேன். உவமைக்கு மஞ்சள், உருவகத்துக்கு றோஸ், கடினமான சொல்லுக்கு நீலம் என்று ஹைலைட்டரும் அடிப்பேன். ஒரு பக்கத்தில் வெள்ளை இடமே இல்லை. ஆனால் போன தவணைப் பரீட்சையில் முன்பின் தெரியாத கவிதை ஒன்றைத் தந்து நயம் எழுதச் சொன்னபோது ஆறு வரிக்கு மேல் எனக்கு ஓடவில்லை. புத்தகத்தில் கிறுக்குவது சரஸ்வதிக்கு ஆகாது என்று அம்மா ஏசுகிறா. குறிப்பு இல்லாத புத்தகம் படிக்காத புத்தகம் என்று சேர் சொல்கிறார். யார் சொல்வது சரி? நூலகத்தில் எடுக்கும் புத்தகத்தில் பென்சிலால் எழுதலாமா?
சாம்பல்தீவிலிருந்து ஒரு மாணவி

பதில்: மகள், உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு தரம் வாசித்தேன். "ஒரு பக்கத்தில் வெள்ளை இடமே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் சிவப்பில் அக்கா பேசுகிறா. பச்சையில் சேர் பேசுகிறார். மஞ்சளும் றோசும் நீலமும் பேசுவதே இல்லை. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தேடினேன், காணவில்லை. தெரியாத கவிதை ஒன்று பரீட்சையில் வரும்போது அக்காவும் கூட வரமாட்டா, சேரும் வரமாட்டார். கவிதைக்கு முன்னால் நீங்கள் தனியாகத்தான் இருக்கவேண்டும். அப்படித் தனியாக இருந்து இன்னும் பழகவில்லை, ஆறு வரியோடு நின்றதற்கு அதுதான் காரணம். உங்களுக்குத் தமிழ் வராது என்று நினைத்துவிடாதீர்கள். இப்படி ஒரு கடிதம் எழுதத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ் வரும்.

நான் 26 வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறேன். விடைத்தாள் கட்டுகளில் அடிக்கடி காணும் வாக்கியம் ஒன்று இருக்கிறது: "இங்கு கவிஞர் உவமை அணியைக் கையாண்டு கவிதைக்கு அழகு சேர்த்துள்ளார்." எந்தக் கவிதைக்கும் இது பொருந்தும். அதனாலேயே எந்தக் கவிதையைப் பற்றியும் இது ஒன்றும் சொல்லாது. உங்கள் மஞ்சள் நிறம் கடைசியில் தருவது இந்த வாக்கியத்தைத்தான். இது உவமை என்று பெயரைச் சொல்லிவிட்டு நிறம் நின்றுவிடுகிறது. ஏன் இந்த உவமை, இதை எடுத்துவிட்டால் பாட்டில் என்ன குறையும் என்று கேட்க அதற்கு வாய் கிடையாது. ஓரக்குறிப்பு என்று நான் சொல்வது அந்தக் கேள்வியைத்தான். அது பிழையாக இருக்கலாம், அரைகுறையாக இருக்கலாம். "இது ஏன் இப்படி?" என்ற மூன்று சொல்லாகவும் இருக்கலாம். உங்களுடையதாக இருந்தால் போதும்.

இதைச் சொல்லிக்கொண்டே போனால் விளங்காது, செய்து காட்டுகிறேன். எங்கள் ஊரான திருகோணமலைப் பாட்டையே எடுப்போம். 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் கோணேசர்மேல் பாடிய பதிகத்தின் முதல் பாட்டு. கோயிலில் கேட்டுக் கேட்டு உங்கள் காதுக்குப் பழகியிருக்கும். பழகிய பாட்டை நாங்கள் வாசிப்பதே இல்லை, அதனால்தான் இதை எடுக்கிறேன்.

நிரைகழ லரவஞ் சிலம்பொலி யலம்பும்
நிமலர்நீ றணிதிரு மேனி
வரைகெழு மகளோர் பாகமாப் புணர்ந்த
வடிவினர் கொடியணி விடையர்
கரைகெழு சந்துங் காரகிற் பிளவு
மளப்பருங் கனமணி வரன்றிக்
குரைகட லோத நித்திலங் கொழிக்குங்
கோணமா மலையமர்ந் தாரே.

பென்சிலைத் தூர வைத்துவிட்டு இரண்டு தரம் வாய்விட்டு வாசியுங்கள். பொருள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நிற்காமல் வாசியுங்கள். இரண்டாம் தரத்தில் ஒன்று தானாகக் காதில் பிடிபடும்: நிரை, வரை, கரை, குரை. நான்கு அடியும் (மேலே இரண்டிரண்டு வரி சேர்ந்தது ஓர் அடி) அந்த 'ரை'யில் காலை ஊன்றி எழும்புகின்றன. எதுகை என்று உங்களுக்குத் தெரியும். பெயரை எழுதிவிட்டு நகரவேண்டாம். நான்கு சொல்லையும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஓரத்தில் எழுதிப் பொருளையும் பக்கத்தில் போடுங்கள். நிரை என்றால் வரிசை. வரை என்றால் மலை. கரை உங்களுக்குத் தெரியும். குரை என்றால் ஒலிக்கிற. இப்போது கீழிருந்து மேலே பாருங்கள்: ஒலிக்கும் கடல், கரை, மலை. கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலையில் ஏறி நிற்கிற யாருக்கும் முதலில் படுவது இந்த மூன்றும்தான். 'வரைகெழு மகள்' என்ற இடத்தில் வரும் மலை உமை பிறந்த மலை, எங்கள் மலை இல்லை. அப்படியானால் நான் சொன்னது பிழையா? அதையும் ஓரத்தில் எழுதுங்கள்: "மலையில் பிறந்தவள் இங்கேயும் ஒரு மலையில்தான் இருக்கிறாள்." கடைசி அடியில் 'கோணமாமலை' வருகிறது. முதல் மலைக்கும் கடைசி மலைக்கும் இடையில் பென்சிலால் ஒரு கோடு இழுங்கள்.

இனிச் சொற்கள். முதல் அடியில் 'அரவம்' இருக்கிறது. சிவன் பாட்டு என்றதும் என் வகுப்பில் பாதிப் பேர் அதற்குப் பாம்பு என்று எழுதிவிடுவார்கள். அந்தச் சொல்லுக்குப் பாம்பு என்றும் பொருள் உண்டு, சத்தம் என்றும் பொருள் உண்டு. சொல்லை வட்டமிட்டு "பாம்பா? சத்தமா?" என்று போடுங்கள். உடனே அகராதியைத் தேடி ஓடாதீர்கள். பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்: சிலம்பொலி. ஒலி என்ற சொல் தோளோடு தோள் உரசி நிற்கிறது. ஆகவே அரவமும் சத்தம்தான். கழலின் சத்தம், சிலம்பின் சத்தம்.

இப்போது அடுத்த கேள்வி வரவேண்டும். உங்களுக்கு அது வந்தால் எனக்குச் சந்தோசம். கழல் ஆணின் காலில் கிடப்பது. சிலம்பு பெண்ணின் காலில் கிடப்பது. இரண்டும் ஒன்றாக ஒலிக்கிறது என்றால் எத்தனை பேர் நடக்கிறார்கள்? கேள்விக்குறி போட்டுவிட்டு விடுங்கள். அடுத்த அடியிலேயே விடை வருகிறது: "மகளோர் பாகமாப் புணர்ந்த வடிவினர்." ஓர் உடம்பு, அதில் பாதி அவள். ஒரு காலில் கழல், மறுகாலில் சிலம்பு. சம்பந்தர் முதலில் எங்கள் காதுக்குக் கேட்கவைக்கிறார், உருவத்தைப் பிறகுதான் காட்டுகிறார். இரவில் வீட்டுக்கு ஆள் வரும்போது முதலில் காலடிச் சத்தம் கேட்டு, ஆர் என்று எழும்பிப் பார்ப்போம் இல்லையா? அந்த ஒழுங்கு இது. உங்கள் கேள்விக்குறியிலிருந்து 'வடிவினர்' வரைக்கும் ஒரு கோடு இழுத்து "காது முதலில், கண் பிறகு" என்று எழுதுங்கள். அணிப் பெயர் எதுவும் இல்லாத இந்தக் குறிப்பை வைத்துப் பரீட்சையில் ஒரு பந்தியே எழுதலாம்.

மூன்றாவது அடியில் 'சந்து' வருகிறது. ஒழுங்கை என்று எழுதிய பிள்ளையும் உண்டு. இங்கே சந்து என்றால் சந்தனம். 'காரகிற் பிளவு' பயங்கரமாகத் தெரியும், பிரித்தால் சின்ன விசயம்: கார், அகில், பிளவு. கருத்த அகிலின் பிளந்த துண்டுகள். பழைய பாட்டு வாசிக்கிற பிள்ளை செய்யவேண்டிய முதல் குறிப்பே இந்தச் சொற்பிரிப்புத்தான். சொற்களுக்கு இடையில் மெல்லிய நெட்டைக்கோடு போட்டாலே பாதிப் பயம் போய்விடும்.

சந்தனமும் அகிலும் எங்கள் கரையில் ஒதுங்குமா என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்தப் பிள்ளையை நான் கொண்டாடுவேன். சம்பந்தர் இராமேச்சரத்திலிருந்தபடியே கோணமலையைப் பாடினார் என்று சேக்கிழார் சொல்கிறார். அப்படியானால் கரையை அவர் மனத்தால் பார்த்திருக்கிறார். தேவாரத்தில் ஆறுகள் சந்தனத்தையும் அகிலையும் வாரிக்கொண்டு வருவது வழக்கம். அந்த வழக்கத்தை இங்கே கடலுக்குக் கொடுத்திருக்கிறார் என்று வாசிக்கலாம். துறைமுகத்துக்கு வந்துபோகும் சரக்கின் வாசனை அடிக்கிறது என்றும் வாசிக்கலாம். இரண்டையும் எழுதி, உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதன் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள்.

எனக்கு இந்தப் பாட்டில் மிகப் பிடித்த இடம் இரண்டு வினைச்சொல்: வரன்றி, கொழிக்கும். வரன்றுதல் என்றால் வாரிச் சேர்த்தல். கொழித்தல் என்ன என்று உங்கள் வீட்டுக் குசினியில் கேளுங்கள். சுளகில் அரிசியைப் போட்டு, குறுணல் ஒரு பக்கமும் முழு அரிசி ஒரு பக்கமும் பிரியும்படி ஆட்டுவது. கடல் முதலில் எல்லாவற்றையும் வாருகிறது, பிறகு கொழித்து நித்திலத்தை, அதாவது முத்தை, தனியாகப் பிரித்துக் கரையில் போடுகிறது. அலை வருவதையும் போவதையும் நீங்கள் பஸ்ஸிலிருந்து தினமும் பார்க்கிறீர்கள். சுளகு முன்னும் பின்னும் ஆடுவதும் அப்படித்தானே? அத்தனை பெரிய கடலின் கையில் ஒரு சுளகு இருக்கிறது. 'கொழிக்கும்' என்ற சொல்லை நீல ஹைலைட்டரால் அடித்து "குவிக்கும்" என்று பொருள் எழுதியிருந்தால் இந்தச் சுளகு உங்கள் கண்ணில் படாமலே போயிருக்கும்.

அடுத்த பாட்டில் அதே கடல் "கொடிதெனக் கதறுங் குரைகடல்" என்று வருகிறது. முத்தும் வருகிறது, இந்தமுறை கடல் அதைச் சுமந்து வருகிறது. ஒரு வருடம் என் வகுப்பில் கரையோரக் கிராமத்துப் பிள்ளை ஒருவன் 'கதறும்' என்ற சொல்லுக்கு நேரே ஓரத்தில் ஓர் எண்ணை மட்டும் எழுதியிருந்தான்: 2004. கொப்பிகளைத் திருத்திக்கொண்டு வந்தபோது அந்த எண்ணைக் கண்டு அப்படியே இருந்துவிட்டேன். ஆழிப்பேரலையில் அந்தக் குடும்பம் என்ன இழந்தது என்று எனக்குத் தெரியும். அடுத்த நாள் அவனிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. சொல்லைப் பற்றிக் கேட்டேன்: "கதறுவது மனிசர்தானே, கடல் ஏன் கதறுது?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கடல் செய்தது கொடிது எண்டு கடலே கதறுது போல இருக்கு மிஸ்" என்றான். 'கொடிது என' என்பதை அவன் அப்படிப் பிரித்து வாசித்திருந்தான். உரையாசிரியர் அதற்குச் சொல்லும் பொருள் வேறாக இருக்கலாம். ஆனால் அவன் தன் எண்ணிலிருந்து பாட்டின் சொல்லுக்குத் திரும்பி வந்துவிட்டான். உங்கள் வாழ்க்கை ஓரத்தில் வரலாம், தாராளமாக வரட்டும். வந்த பிறகு, எந்தச் சொல் அதை இழுத்தது என்று பார்த்து அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் போங்கள். பரீட்சைத் தாளில் 2004 என்று எழுதமுடியாது. 'கதறும்' என்ற வினையைக் கடலுக்குக் கொடுத்ததைப் பற்றி எழுதலாம். அப்போது அந்த எழுத்துக்குள் 2004 இருக்கும்.

இனி அக்காவின் சிவப்பும் சேரின் பச்சையும். அவற்றைக் குப்பை என்று நான் சொல்லவில்லை. எங்கள் உரையாசிரியர்களைப் பாருங்கள். சிலப்பதிகாரத்துக்கு அரும்பதவுரை என்று ஓர் உரை இருக்கிறது. எழுதியவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. கடினமான சொற்களை மட்டும் எடுத்துச் சுருக்கமாகப் பொருள் சொல்லிப் போகிறார். அவருக்குப் பிறகு வந்த அடியார்க்குநல்லார் விரிவாக எழுதினார். 1892இல் உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சிட்டபோது இரண்டு உரையையும் சேர்த்தே போட்டார். பிந்தியவர் முந்தியவரை அழித்துவிட்டு எழுதவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டு தன்னுடையதை எழுதினார். பழைய உரைகளில் "என்பாரும் உளர்" என்று ஒரு தொடர் அடிக்கடி வரும். எனக்கு முன்னால் வேறொருவர் இப்படியும் பொருள் சொல்லியிருக்கிறார் என்று மரியாதையாகக் குறித்துவிட்டு, உரைகாரர் தன் கருத்தைச் சொல்வார். சேர் சொல்வதையும் அக்கா எழுதியதையும் நீங்கள் அந்தக் கணக்கில் வையுங்கள். சேர் சொன்ன குறிப்பின் பக்கத்தில் 'சே' என்று ஓர் எழுத்துப் போடுங்கள், அக்காவுடையதற்கு 'அ'. உங்களுடையதற்கு எழுத்துத் தேவையில்லை. ஒரு பக்கத்தை முடித்ததும் எண்ணிப் பாருங்கள். எழுத்துப் போடாத குறிப்பு ஒன்றாவது இருந்தால் அந்தப் பக்கத்தை நீங்கள் வாசித்திருக்கிறீர்கள்.

ஒழுங்கு முக்கியம். சேரின் வகுப்புக்குப் போகுமுன் ஒருதரம் நீங்களாக வாசித்து உங்கள் குறிப்பைப் போட்டுவிடுங்கள். அவர் சொன்ன பிறகு வாசித்தால் உங்களுக்குத் தோன்றுவதெல்லாம் அவர் சொன்னதாகவே தோன்றும். அவருடைய விளக்கத்தைக் கேட்டு உங்களுடையது பிழை என்று தெரிந்தால் அழிறப்பரை எடுக்காதீர்கள். மேலே ஒரு கோடு கிழித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். எங்கே சறுக்கினீர்கள் என்பது தெரியவேண்டும், பரீட்சை மண்டபத்தில் சறுக்கப்போவதும் அதே மாதிரி இடத்தில்தான்.

அம்மா சொல்வதில் எனக்கு முழு மரியாதை உண்டு. கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். பேனையைப் பற்றி அம்மா சொல்வது சரி. பேனையால் எழுதிய கருத்தை மாற்றமுடியாது, வாசிக்கிற பிள்ளையின் கருத்தோ மாறிக்கொண்டே இருக்கவேண்டும். எங்கள் ஊர் ஈரக்காற்றில் மை கசிந்து பின்பக்கத்து எழுத்தையும் கெடுக்கும். சொந்தப் புத்தகத்தில் மெல்லிய பென்சில் குறிப்பு என்றால், ஏடு தொடக்கும் நாளில் பிள்ளையின் கையைப் பிடித்து முதலில் எழுதத்தானே வைக்கிறோம் என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். விட்டுக்கொடுக்கக்கூடும்.

நூலகப் புத்தகத்தில் பென்சிலாலும் வேண்டாம். மாணவியாக இருந்தபோது நான் இரவல் எடுத்த தேவாரப் புத்தகம் ஒன்றில் எனக்கு முன்னால் வாசித்த யாரோ, இதே பாட்டின் 'அரவம்' என்ற சொல்லுக்கு மேல் 'பாம்பு' என்று எழுதியிருந்தார்கள். அச்சிலேயே இருந்ததுபோல நான் அதை நம்பினேன். கழல் எப்படிப் பாம்பாகும் என்று நான் யோசிக்கவே இல்லை. எழுதியிருக்கிறதே, பிறகென்ன யோசனை? வகுப்பில் எழும்பி அதைச் சொல்லி, பிழை என்று திருத்தப்பட்டது இன்றும் நினைவிருக்கிறது. உங்களுக்குப் பின்னால் அந்தப் புத்தகத்தை எடுக்கப்போகும் பிள்ளைக்கு வெள்ளை ஓரத்தைக் கொடுங்கள். ஒட்டும் துண்டுகளும் வேண்டாம், பழைய தாளில் பசை தங்கும். வெறும் கடதாசித் துண்டில் பக்க எண்ணும் குறிப்பும் எழுதி உள்ளே வைத்து, திருப்பிக் கொடுக்கும்போது எடுத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பொருந்துகிற வழி ஒன்று உண்டு. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளிடமும் இதைத்தான் கேட்பேன். ஒரு சீ.ஆர். கொப்பி எடுங்கள். வலப்பக்கத்தில் பாட்டைக் கையால் எழுதுங்கள், ஒரு வரி விட்டு ஒரு வரி. இடப்பக்கத்தை முழுக்க வெறுமையாக விடுங்கள், அது உங்கள் ஓரம். கையால் எழுதும்போது கண் தாண்டிப் போகிற சொல்லிலெல்லாம் கை நின்று நின்று போகும். எத்தனையோ பிள்ளைகள் 'அரவம்' என்பதன் பக்கத்தில் 'ஒலி' இருப்பதை அப்படி எழுதும்போதுதான் கண்டார்கள். அக்காவின் சிவப்பு கண்ணில் படாது, அம்மாவுக்கும் மனக்குறை இல்லை, நூலகப் புத்தகமும் சுத்தமாக இருக்கும். நேரம் எடுக்கும் என்பீர்கள். எடுக்கும்தான். வாரம் ஒரு பாட்டு எழுதினாலே தவணை முடியும்போது கொப்பியில் பத்துப் பாட்டாவது இருக்கும்.

சிறுகதையையும் நாவலையும் அப்படி எழுத முடியாது. அங்கே குறிப்பு வேறுமாதிரி. பக்கத்துக்குப் பக்கம் கோடு போடாதீர்கள். ஓர் அத்தியாயம் முடிந்ததும் அதன் கீழே இரண்டு வரி போதும்: தொடக்கத்தில் இல்லாத எது இப்போது வந்திருக்கிறது? யார் சொல்லாமல் விட்டது என்ன? பிறகு, சின்ன இடைச்சொற்களைக் கவனியுங்கள். வகுப்பில் நான் ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதுவேன்: "விளக்கு அணைந்த பிறகும் அவர் கதவைத் தட்டவில்லை." பிள்ளைகள் விளக்கைப் பிடிப்பார்கள், கதவைப் பிடிப்பார்கள், இருட்டு ஒரு குறியீடு என்பார்கள். நான் 'பிறகும்' என்பதில் தொங்கும் 'உம்'மை வட்டமிடுவேன். அந்த உம்மையை எடுத்துவிட்டு வாசித்தால் ஒரு செய்தி மட்டும் மிஞ்சும். உம்மை இருந்தால், அவர் அதற்கு முன்னாலேயே வந்து அங்கே நின்றிருக்கிறார், அணையட்டும் என்று காத்திருந்திருக்கிறார், அணைந்த பின்னும் கை எழவில்லை. ஒரு மனிதனின் தயக்கம் முழுக்க ஓர் உம்மைக்குள் கிடக்கிறது. தமிழில் ஏகாரமும் ஓகாரமும் உம்மையும் இப்படித்தான் சத்தமில்லாமல் வேலை செய்யும். ஹைலைட்டர் பெரிய சொற்களையே தேடும். பென்சில் இந்தச் சின்ன எழுத்துகளில் நிற்கட்டும்.

பரீட்சை விசயத்துக்கு வருகிறேன், உங்கள் கவலை அதில்தானே. மேலதிக வாசிப்பு நேரம் என்று தருகிற 10 நிமிடத்தில் தெரியாத கவிதையை உதடு அசையும்படி மனதுக்குள் இரண்டு தரம் வாசியுங்கள். எழுதத் தொடங்கியதும் முதல் ஐந்து நிமிடத்தைக் குறிப்புக்கு ஒதுக்குங்கள். நான்கைந்து கேள்வி வரும். அதில் விடை கிடைத்த மூன்றை எடுங்கள். எந்த வரிசையில் உங்களுக்குப் பிடிபட்டதோ அந்த வரிசையிலேயே எழுதுங்கள். சம்பந்தர் பாட்டுக்கு நாங்கள் போட்ட குறிப்புகளை வைத்து ஒரு பந்தி எப்படி வரும் என்று பாருங்கள்:

"பாட்டு ஒலியில் தொடங்கி ஒலியில் முடிகிறது. முதலடியில் கழலும் சிலம்பும் சேர்ந்து ஒலிக்கின்றன. ஆண் அணியும் கழலும் பெண் அணியும் சிலம்பும் ஒருவரிடத்தில் எப்படி என்று கேட்பவன் எண்ணும்போதே, மலைமகளைப் பாகமாகக் கொண்ட வடிவம் அடுத்த அடியில் தெரிகிறது. உருவத்துக்கு முன்னால் அதன் ஓசை வந்துவிடுகிறது. கடைசி அடியில் ஒலிப்பது கடல். அந்தக் கடல் அகிலையும் மணியையும் வாரி, சுளகில் அரிசி கொழிப்பதுபோல முத்தைக் கொழிக்கிறது. பெருங்கடலின் வேகத்துக்கு வீட்டுவேலையின் பக்குவத்தைக் கொடுத்திருப்பது 'கொழிக்கும்' என்ற ஒரே வினை."

இதில் அணியின் பெயர் ஒன்றுகூட இல்லை, கவனித்தீர்களா? வேண்டுமென்றால் இரண்டாவது வாக்கியத்துக்குப் பிறகு எதுகையைச் சேர்க்கலாம். பெயர்கள் தெரிந்திருக்கவேண்டும், வினாவில் கேட்டால் சொல்லவேண்டும். ஆனால் உங்களை ஆறு வரியில் நிறுத்தியது பெயர் தெரியாததால் வந்த சிக்கல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஹைலைட்டர்களை எறியவேண்டாம். புவியியல் வரைபடத்துக்கு நன்றாக உதவும்.

இந்தச் சனிக்கிழமை ஒன்று செய்யுங்கள். கொப்பியின் வலப்பக்கத்தில் இந்தப் பாட்டை எழுதிவிட்டு, அம்மாவிடம் சுளகைக் கொடுத்து, புடைப்பதற்கும் கொழிப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று செய்துகாட்டச் சொல்லுங்கள். கையைக் கவனியுங்கள், சத்தத்தையும் கேளுங்கள். அம்மா சொன்னதை இடப்பக்கத்தில் அவவின் சொல்லிலேயே எழுதி, பக்கத்தில் 'அம்மா' என்று முழுதாகப் போடுங்கள். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து எனக்கு அனுப்புங்கள். வாசிக்கக் காத்திருக்கிறேன்.